மீட்டரின் சாட்சி

அடுத்த அறைக்குச் செய்தி அனுப்ப ஒரு வயர்லெஸ் மாட்யூலை வாங்கிவந்து சர்க்யூட் போர்டில் செருகியிருந்தார் உரிமையாளர். செய்தி சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் அதற்கு மயக்கம் வந்தது.

"மறுபடியும் விழுந்துட்டியா? இனி உனக்குக் கழிவு டப்பாதான்," என்றது அதற்கு மின்சாரம் கொடுக்கும் போர்டு.

"பேசுறப்ப நீ கொடுக்கிறது எனக்குப் பத்தலை."

"அபாண்டமாப் பேசாதே. மீட்டரையே கேட்டுக்கோ."

பக்கத்தில் இருந்த வோல்ட் மீட்டர் அளந்து பார்த்தது. "மூணு புள்ளி மூணு வோல்ட். குறையே இல்லை."

"இப்ப நான் சும்மாதானே இருக்கேன்? சும்மா இருக்கிறவனுக்கு எதுவும் பத்தும். நான் பேசும்போது அளந்து பாருங்க."

"நீ பேசினா என் முள் கீழே இறங்கி ஆடுது. ஆடுறப்ப அளக்கிற வழக்கம் எனக்கில்லை."

உரிமையாளர் வந்து மாட்யூலைக் கழற்றி டப்பாவில் போட்டார். உள்ளே ஏற்கெனவே ஐந்து மாட்யூல்கள் கிடந்தன.

"உனக்கு என்ன கோளாறு?" என்று ஒன்று கேட்டது.

"ஒரு கோளாறும் இல்லை."

"எங்களுக்கும் அதேதான்."

மேலே போர்டு புதிய மாட்யூலை வரவேற்றுக்கொண்டிருந்தது. "முன்னாடி வந்ததெல்லாம் சோம்பேறிங்க. நீயாவது வாயைத் திறந்து பேசுப்பா."

டப்பாவில் இருந்த ஆறும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.