நாலு நாள் குறை

"நாலே நாலு நாள் சார்! அதுக்காக ஒரு வருஷத்தையே தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களே!"

பள்ளி அலுவலகத்து எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விண்ணப்பத்தை அந்தத் தாயின் பக்கமே தள்ளினார்.

"மே முப்பத்தொண்ணுக்குள்ள அஞ்சு வயசு முடியணும். உங்க பையனுக்கு ஜூன் நாலு. அடுத்த வருஷம் வாங்கம்மா."

'இரும்புப் பெட்டி' என்று பெற்றோர்கள் அவருக்குப் பட்டம் கட்டியிருந்தது சும்மா இல்லை. மந்திரி வீட்டுச் சிபாரிசே இந்த மேஜையோடு திரும்பிப் போயிருக்கிறதாம்.

அவள் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல்காரி. புருஷன் போன இடம் தெரியாது. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் வீடு மாறிப் போய்விட்டாள்.

"வீட்டைப் பூட்டிட்டுத்தான் சார் வேலைக்குப் போறேன். நான் தெரு திரும்புற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துவான். இப்பவும் உள்ளதான் கிடக்கான். பள்ளிக்கூடம்னா நாலு பேர் கண்ணு முன்னால இருப்பான்ல?"

"ஒரு வருஷம் வீட்ல இருந்தா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது."

பாவி மனுஷன், வாய் கூசாமல் சொல்கிறானே! ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"காலையில உங்க வேன்ல ஏத்தி விட்டுட்டா, அப்புறம்…"

"வேன் கிடையாது." வெடுக்கென்று வந்தது பதில். "நிறுத்தி ஏழு வருஷமாச்சு."

சொல்லிவிட்டு, முயல் படம் போட்ட ஒரு குட்டித் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். எந்தக் குழந்தை மறந்துவிட்டுப் போனதோ! அதைக்கூட விட்டுவைக்கவில்லை கஞ்சன் என்று நினைத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை அறையில் மணி அடித்தது. எழுத்தர் எழுந்து போனார்.

சேர்க்கைப் பதிவேடுகள் எல்லாம் அலமாரியில் அடுக்கியிருக்க, ஒன்று மட்டும் மேஜை மேல் கிடந்தது. ஓரமெல்லாம் தேய்ந்த பழைய பதிவேடு. இந்த மனுஷன் நிஜமாகவே ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லையா? பார்த்துவிடலாம் என்று அவள் அட்டையைத் தூக்கினாள். அது தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்தது.

அங்கே ஒரு பெண் குழந்தையின் பிறந்த தேதி மேல் வெள்ளை மை பூசி, 'மே 30' என்று எழுதியிருந்தது. அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் 'ஜூன் 3' நன்றாகவே தெரிந்தது.

அவர் திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டிக்கிட்டீங்க சார்! இந்தப் பொண்ணுக்கு மட்டும் நாலு நாள் எங்கேருந்து வந்துச்சு? பெரிய இடத்துப் புள்ளையோ? நாதியத்தவ பெத்ததுன்னுதானே எம்புள்ளை பூட்டின வீட்டுக்குள்ள கிடக்கான்? உங்களுக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா தெரியும் சார் என் வேதனை!"

சத்தம் போடப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவரோ நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த வரியை முழுசாப் படிங்கம்மா."

அவள் விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். தகப்பனார் தொழில்: 'எழுத்தர், இதே பள்ளி'.

அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவரே அதை மெல்ல நகர்த்தி, கடைசிக் கட்டத்தில் வைத்தார். 'சேர்ந்த இருபதாம் நாள் பள்ளி வேன் விபத்தில் இறப்பு. பெயர் நீக்கப்பட்டது.' அதுவும் அவருடைய கையெழுத்துதான்.

"நான் மட்டும் அதைத் திருத்தாம இருந்திருந்தா, அன்னிக்கு அவ வீட்லயே இருந்திருப்பாம்மா" என்றார் அவர், முயல் பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டே.