பஜ்ஜித் தட்டும் பதினொரு பொருத்தமும்

கல்லூரிக்காரர்கள் பெண் பார்க்க வருவதுபோல் வீட்டுக்கே வந்து கால்பந்து ஆடும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகும் காலம் அது. கடலூரில் வேதவல்லி வீட்டுக்கு அன்று வந்தது நான்காவது கல்லூரி. முதல் மூன்றும் "போய்ப் பேசிட்டுச் சொல்றோம்" என்று போனதோடு சரி.

கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் பரிமாறியாயிற்று. பிளஸ் டூ படிக்கும் மகள் நிறைமதி, கால்பந்து உடுப்போடு வந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றாள். கல்லூரியின் கோச் தனசிங், யார் எந்த இடத்தில் ஆடலாம் என்று பொருத்தம் பார்க்கும் கருவியை எடுத்து டீப்பாயில் வைத்தார்.

"டிஃபென்ஸ் ஆடுவாளாம்மா?"

"நல்லா ஆடுவா சார்."

"கோல் கீப்பிங்?"

"அதையும் பழகிட்டா சார். போன மேட்ச்ல முதல் பாதி கோல்ல நின்னா, அடுத்த பாதியில மூணு கோல் போட்டா."

கருவி கூவியது. பதினொரு இடத்துக்கும் பொருத்தம்! வேதவல்லிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அப்ப உங்க டீம்ல எந்த இடத்துல ஆடுவா சார்?"

கோச் கருவியின் திரையை இன்னொரு முறை படித்தார். "ஆடவே வேணாம்மா. இவ எதிர் டீமுக்குப் போயிட்டா, எந்தப் பக்கத்துலருந்து வருவான்னு எங்க கருவிக்கே தெரியல. மூணு வருஷமும் எங்க பெஞ்சுல உக்காந்திருந்தா போதும். படிப்பு, ஹாஸ்டல் எல்லாம் ஃப்ரீ."

சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் வேதவல்லியை முந்திக்கொண்டது. "அதுக்கென்ன சார், அதையும் பழகிடுவா."

கோச் திருப்தியோடு அடுத்த பஜ்ஜிக்குக் கையை நீட்டினார். தட்டு அங்கே இல்லை. நிறைமதி அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க்கொண்டிருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாள் என்று அவருக்கும் தெரியவில்லை.