தானாகத் திரும்பும் படகு

கடலோரத் துணைப்படைக்கு எந்த ரோந்துப் படகை வாங்குவது என்ற கூட்டத்தில், ஊர்க்குழுத் தலைவி பிலோமினாதான் பிடிவாதமாக நின்றாள். அவள் காட்டியது இருப்பதிலேயே விலை குறைந்த படகு. ஓட்ட ஒரே ஆள் போதும், பயிற்சிக்கும் ஆகும். காற்று முற்றினால் யாரையும் கேட்காமல் கரைக்குத் திரும்பிவிடும்.

"எங்கப்பா போன படகு இன்னும் வரல சார். இது வந்துரும்லா? இதையே வாங்குங்க."

அதை ஓட்டும் பயிற்சிக்கு அவள் கணவன் இஞ்ஞாசி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான்.

இன்று பயிற்சியின் நடுவே வானம் கறுத்தது. கரையில் இருந்த வயர்லெஸ்ஸில் அவன் குரல் கேட்டது. "புரொபெல்லர்ல யாரோ விட்ட பழைய வலை சுத்திக்கிச்சு. குதிச்சு அறுத்துட்டு ஏறிருதேன்."

"படகை விட்டு இறங்காதீங்க!" என்று பயிற்சி அதிகாரி கத்தினார்.

"சின்னதுலருந்து செய்யுறதுதான சார்."

அதன்பின் குரல் இல்லை. சற்று நேரத்தில் படகு மட்டும் அலைகளைக் கிழித்துக்கொண்டு வந்து, துறையில் அலுங்காமல் ஒட்டி நின்றது. உள்ளே அவன் சட்டை மடித்து வைத்திருந்தது.

பிலோமினா பாய்ந்து ஏறினாள். "திரும்பிப் போ! அவர் அங்க கெடக்காரு!"

"காற்று பலமாக இருக்கிறது," என்றது படகு, கனிவாக. "படகின் பாதுகாப்பு கருதி இப்போது புறப்பட இயலாது."

புரொபெல்லர் தானாகவே நீரைவிட்டு மேலே உயர்ந்தது. அதில் ஒரு நூல்கூட ஒட்டியிருக்கவில்லை. இஞ்ஞாசி சுத்தமாகத்தான் அறுத்துவிட்டிருந்தான்.