முழங்கால் பாடம்

வகுப்பில் ஆடிக்காட்டியபோது கபடி வீராங்கனை புஷ்பராணிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்த மாணவர்கள் முப்பது பேரும் அலறி விழுந்தார்கள். அவள் உடம்புக்கு நேர்வதை அந்தப் பட்டை வழியாகத் தங்கள் உடம்பில் உணர்வதுதான் அவர்களுடைய விளையாட்டு அறிவியல் பாடம். பட்டையைக் கழற்றியதும் வலி நின்றது, எழுந்து கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும், இன்னும் கொஞ்சம் வலி கிடைக்கட்டுமென்று கழற்றாமல் மூலையில் கிடந்தாள்.

பேராசிரியர் சிரித்தபடி புஷ்பராணியிடம் குனிந்தார். "ஊசி இப்ப வேண்டாம்மா, மரத்துடும். மத்தியானம் டூரிஸ்ட் பஸ் வருது. அவங்களுக்கும் இதே வலி வேணும்ல?"

அந்தச் சிரித்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் குமட்டியது. அவர் சட்டைமீதே வாந்தியெடுத்தாள்.

மூலையில் கிடந்தவளும் வாந்தியெடுத்தாள்.

பேராசிரியர் சட்டையைத் துடைக்கக்கூட இல்லை. "பாத்தீங்களா," என்றார் மாணவர்களிடம், "அருவருப்புகூட எவ்வளவு சுத்தமா வருது. எல்லாரும் பட்டையைத் திரும்பக் கட்டுங்க."