ஜாங்கிரிக்கு ஒரு ஆள்

கதவு திறப்பதற்குள் மாடிவீட்டுக்காரர் கூடையை இரண்டு முறை கை மாற்றிவிட்டார்.

உள்ளே ஜாங்கிரி. ஆரஞ்சு நிறப் பூனை. சுருண்டு படுத்தால் தட்டில் வைத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் போலிருக்கும்.

கீழ்வீட்டு ஜெபக்கனி டீச்சர் கதவைத் திறந்தார். பூனையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

உட்காரச் சொன்னார்.

நான்கு வருஷமாக ஒரே மாடிப்படி. தண்ணீர் வந்ததா, கரண்ட் போனதா. அதற்குமேல் பேசியதில்லை.

வியாழக்கிழமை தனக்கு இருதய ஆபரேஷன் என்றார் மாடிவீட்டுக்காரர். மகள் மஸ்கட்டில். பேரனுக்குப் பரீட்சை முடிந்து அவள் வந்துசேரப் பத்து நாளாகும். பூனையை மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று தம்பி சொல்லிவிட்டான். அவருக்கு மனசு ஒப்பவில்லை. டீச்சர் வைத்துக்கொள்ள முடியுமா?

"ஒருவேளை நான்..."

மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான். முடிக்க வரவில்லை.

"வந்தா நீங்க தூக்கிட்டுப் போங்க. வராட்டி எங்கூடயே இருக்கட்டும்."

தண்ணீர் வந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார் டீச்சர்.

அவருக்கு அழுகை வரவில்லை. பசித்தது. மூன்று நாளில் முதல்முறையாக.

சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். பால் கூடாது, வயிற்றுக்கு ஆகாது. சாளை மீன், உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுக்கவும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வராது, டப்பா மூடியைத் திறந்தால் வரும். இடி இடித்தால் அரிசி டிரம்முக்குப் பின்னால் தேடவும்.

"மீனை யாரு அவிக்கது? நீங்க சைவம்லா?"

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தானேதான் அவிப்பதாக அவர் ஒப்புக்கொண்டார்.

டீச்சர் சிரித்தார். சின்னச் சிரிப்பாகத்தான் தொடங்கியது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது.

அவரும் சிரித்தார். வலிக்குமோ என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே சிரித்தார்.

வலிக்கவில்லை.

ஜாங்கிரி கூடையிலிருந்து இறங்கியது. வீட்டை ஒரு சுற்று மோந்துவிட்டுத் தையல் மெஷினுக்கு அடியில் போய்ச் சுருண்டது.

முப்பத்தைந்து வருஷம் நோட்டுத் திருத்திய கை சும்மா இருக்குமா. டீச்சர் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பிறகு தாளைத் திருப்பினார்.

பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஆஸ்பத்திரில உங்ககூட யாரு இருக்கா?"

அவர் பூனையைப் பார்த்தார்.

"நர்ஸுமாரு இருப்பாங்கல்லா."

டீச்சர் தாளின் தலைப்பில் அவர் பெயரை எழுதினார். கோமதிநாயகம். அடிக்கோடு போட்டார்.

ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால். இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்வார்.

இதையெல்லாம் அவரிடம் யாரும் கேட்டு ஏழெட்டு வருஷம் இருக்கும். முதலில் தயங்கினார். போகப்போகக் கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தார். தலையணை ஒன்று போதாது என்பதை. கத்தரிக்காய் பிடிக்கும், ஆனால் அரிக்கும் என்பதை.

"காப்பிக்குச் சீனி?"

"ரெண்டு ஸ்பூன்."

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

குனிந்து, ஒன்று என்று எழுதிக்கொண்டார்.