மெதுவாத்தான் ஏறும்

எலெக்ட்ரிக் பைக் பாதி வழியில் படுத்துக்கொள்ளும் நாளில்தான் மகனுக்கு, தனியாக இருக்கும் அப்பாவின் வீடு ஞாபகம் வரும். இன்றும் அப்படித்தான் வந்திருந்தான்.

வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தான். இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸிலிருந்து மறுபடி போன்.

“ஒரு மணி நேரமாச்சு, சார்ஜ் பத்து பர்சென்ட்லயே நிக்குதுப்பா.”

“பழைய வயரிங்டா, மெதுவாத்தான் ஏறும்,” என்றார் அப்பா. “மாடிக் குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன்ல...”

“அப்புறம் பேசலாம்ப்பா.”

முகம் கழுவிவிட்டு, துண்டு எடுக்க அப்பாவின் அறைக்குள் போனான். ஜன்னல் வழியே வண்டிக்குப் போகும் வயர் செருகியபடியே இருந்தது. வந்ததும் அவன் போட்ட ஸ்விட்ச் மட்டும் அணைந்திருந்தது.

ஸ்விட்ச் வரை போன கை திரும்பி வந்தது. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“மெதுவாவே ஏறட்டும். குழாய் எங்கப்பா ஒழுகுது?”