விளையாட ஒத்திகை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாடச் சொல்லியிருந்தார்கள், விளையாடினார்கள்.

மணலில் சிலர். கட்டை அடுக்கச் சிலர். என் பேத்தி தண்ணீர்த் தொட்டியில். ஒரு கோப்பையில் மொண்டு இன்னொன்றில் ஊற்றவேண்டும். சிந்தக் கூடாது.

வாரம் முழுக்க இதற்குப் பயிற்சி. நாடகத்துக்கு ஒத்திகை உண்டு, தெரியும். விளையாட்டுக்கு ஒத்திகை பார்க்கிற கூத்தை இங்கேதான் பார்த்தேன்.

வீட்டு ஆட்கள் வராந்தாவில் நின்று பார்க்கலாம் என்றார்கள். கையெழுத்துப் போடவே தடுமாறுகிற நானும் ஒரு ஆளாக நின்றேன். மகளுக்கு நிற்க நேரம் ஏது? அவள் இங்கே ஆயா. அந்த வேலையால்தான் பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் இடம்.

புதிதாக வந்த தலைமை டீச்சர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். சொல்லிக்கொடுத்ததைத் தவிர அந்தப் பிள்ளை இனி ஏதாவது செய்தால் தாயும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று.

பிள்ளை செய்த குற்றம்? வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்கிறதாம்.

வீட்டிலும் அப்படித்தான். சோப்பு முழுகுதே, சோப்பு டப்பா ஏன் மிதக்குது? சீப்பு? செருப்பு? ஒருநாள் என் பல் செட்டையே வாளியில் போட்டுப் பார்த்தது. "தாத்தா, உன் பல்லுக்கு நீச்சல் தெரியல" என்றது.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவர் பக்கத்தில் வந்ததும் கேட்கவேண்டிய கேள்வியை ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடம் செய்வித்திருந்தார்கள்.

தானாகக் கேட்டால் குற்றம். சொல்லிக்கொடுத்துக் கேட்டால் படிப்பு. என் மரமண்டைக்கு ஏறவில்லை.

அந்த அம்மா தொட்டியருகே குந்தினார். பிள்ளை கோப்பையை வைத்துவிட்டுக் கைகட்டி ஒப்பித்தது. கதவு ஒருக்களித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"மேடம், கல்லு ஏன் முழுகுது? கட்டை ஏன் மிதக்குது?"

நல்ல மனுஷி போலிருக்கிறது. பதில் சொல்லவில்லை. ஒரு கல்லையும் ஒரு மரக்கட்டையையும் எடுத்து நீட்டினார்.

"நீயே போட்டுப் பாரேன், கண்ணு."

இது ஒத்திகையில் இல்லை.

பிள்ளை கல்லை வாங்கியது. நாக்கு நுனி வெளியே வந்தது. எதையாவது போட்டுப் பார்க்கப்போகிறது என்றால் அப்படித்தான் வரும்.

பிறகு நிமிர்ந்து பார்த்தது. நாக்கு உள்ளே போய்விட்டது. கல்லை அவர் கையிலேயே திருப்பி வைத்தது.

"தண்ணி தெறிச்சா தெறிக்கட்டும். போடு."

அசையவில்லை.

தலைமை டீச்சர் சுவரோரம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளை மனசுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினேன். பாவி, என்ன செய்து வைத்திருக்கிறாய் என் பிள்ளையை! ஒரு பார்வைக்கே இப்படி ஒடுங்குகிறதே. போடுடி தாயி, போடு.

பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன், "உங்க பேத்தியா பெரியவரே? என்ன அடக்கம்! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, குரங்கு" என்றான்.

அந்தக் குரங்கைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அந்த அம்மா எழுந்திருக்கப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. வருவது வரட்டும், கதவைத் தள்ளிக் கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். பிள்ளை டீச்சரைப் பார்க்கவேயில்லை. கண்ணாடி வழியே, என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பினேன்.

கக்கத்தில் துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு என் மகள். உதட்டின்மேல் ஒற்றை விரல். கண் இரண்டும் குளம்.

என்னைக் கண்டும் விரலை எடுக்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.